வேரா, தண்டா? – உயிரியல் வினா விடை

உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் தாவர உள்ளமைப்புப் பற்றிய வினாக்களே மிகுந்திருக்கும். இம்முறையும் அவ்வாறே இருப்பதனால் வேர், தண்டு ஆகிய இரண்டைப் பற்றிய கடிதங்களை மாத்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏனைய அலகுகளைப் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வினா: மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு, நான் இரண்டாவது தடவையாகப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறேன். இருவித்திலை வேர், இருவித்திலைத் தண்டு, ஒருவித்திலை வேர், ஒருவித்திலைத் தண்டு ஆகிய நான்கு குறுக்குவெட்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரையும் அளவுக்குப் பாடமாக்கியிருக்கிறேன். ஆனால் பெயரில்லாத படமொன்றைத் தந்து, இது எது என்று கேட்டால் தடுமாறிவிடுகிறேன். நடுவில் மையவிழையம் இருந்தால் தண்டு, இல்லாவிட்டால் வேர் என்று எங்கோ படித்ததை நம்பிச் சென்ற தடவை பிழைவிட்டேன். எதைப் பார்த்து முடிவு செய்வது?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

விடை: நீங்கள் விட்ட அதே பிழையை நானும் மாணவியாக இருந்தபோது விட்டிருக்கிறேன். பாடசாலைச் செய்முறைப் பரீட்சையில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பட்டிருந்த வழுக்கியின் நடுவில் மெல்லிய சுவர் கொண்ட கலங்கள் பரந்து கிடப்பதைக் கண்டதும், வேறெதையும் பாராமல் ‘தண்டு’ என்று எழுதிவிட்டு எழுந்து வந்தேன். அது ஒருவித்திலைத் தாவரமொன்றின் வேர். ஒருவித்திலை வேரின் நடுவில் மையவிழையம் போன்ற புடைக்கலவிழையப் பகுதி, அதாவது மெல்லிய சுவர் கொண்ட கலங்களின் பகுதி, இருப்பது வழக்கம். அதனைச் சுற்றித்தான் நீரைக் கடத்தும் காழும் உணவைக் கடத்தும் உரியமும் மாறி மாறி வளையமாக அமைந்திருக்கும். ஆகவே அந்த ‘விதி’ இருவித்திலைத் தாவரங்களுக்குப் பெரும்பாலும் கைகொடுத்தாலும், ஒருவித்திலை வேரில் உங்களைக் கைவிட்டுவிடும். அதை இன்றோடு மறந்துவிடுங்கள்.

பெயரில்லாத படமொன்று கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது காழும் உரியமும் ஒன்றையொன்று எவ்வாறு நோக்கி நிற்கின்றன என்பதையே. மையத்திலிருந்து விளிம்பு நோக்கி மனத்தால் ஒரு நேர்கோடு, அதாவது ஓர் ஆரை, வரைந்து பாருங்கள். அந்த ஒரே ஆரையில் உட்புறம் காழும் வெளிப்புறம் உரியமுமாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், அது தண்டு. காழைத் தொட்டுச் செல்லும் ஆரையில் உரியம் அகப்படாமல், அடுத்த ஆரையில் தனியே நின்றால், அது வேர். இந்த ஒரு சோதனை, துணை வளர்ச்சி, அதாவது தடிப்படைதல், தொடங்காத இளம் வெட்டுகளில், ஒருவித்திலை என்றாலும் இருவித்திலை என்றாலும் பொருந்தும்.

அதற்குப் பின்னும் ஐயம் இருந்தால் காழ்க்கலன்களின் பருமனைப் பாருங்கள். முதலில் முதிர்ந்த ஒடுக்கமான கலன்கள் முதற்காழ்; பின்னர் முதிர்ந்த அகன்ற கலன்கள் அனுக்காழ். வேரில் ஒடுக்கமானவை வெளிப்புறத்தையும் அகன்றவை மையத்தையும் நோக்கியிருக்கும். தண்டில் இது தலைகீழாக மாறி, ஒடுக்கமானவை மையத்தின் பக்கமாக ஒதுங்கியிருக்கும். வேர் என்று தெரிந்தபின், காழ் நடுவில் நட்சத்திரம் போலக் கூடிச் சில கைகளை மட்டும் நீட்டியிருந்தால் இருவித்திலை. பல கைகள் ஒரு வளையமாக நின்று நடுவில் இடம் விட்டிருந்தால் ஒருவித்திலை. தண்டு என்று தெரிந்தபின், காழும் உரியமும் சேர்ந்த கலன்கட்டுகள் ஒரே வளையத்தில் நின்றால் இருவித்திலை. அடியிழையமெங்கும் சிதறியிருந்தால் ஒருவித்திலை.

இவ்வளவோடு விடையை நிறுத்திவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால், ஒரு பாடமாக்கலுக்குப் பதிலாக இன்னொரு பாடமாக்கலைத் தந்தவளாவேன். வேர் ஏன் அப்படியும் தண்டு ஏன் இப்படியும் அமைந்தன என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால், நான்கு படங்களில் எதையும் மறக்க மாட்டீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

காற்று வீசும்போது தண்டு வளைகிறது, வேர் இழுபடுகிறது. வளையும் பொருளொன்றில் விசை மிகுதியாகத் தாக்குவது அதன் வெளிப்புறத்தையே. ஆகவே தண்டில் உறுதியான இழையங்கள் சுற்றளவுக்கு அருகில் வளையமாக நின்றால்தான் பயன் உண்டு. நடுப்பகுதி மென்மையாக இருந்தாலும், மூங்கிலைப் போல வெறுமையாகவே இருந்தாலும், குறையில்லை. இழுபடும் பொருளுக்கோ கயிற்றின் அமைப்பே ஏற்றது. வன்மையான காழ் நடுவில் ஒரு புரியாகத் திரண்டிருப்பதால் மண்ணுக்குள் இழுபட்டும் நெளிந்தும் கொடுக்க வேரால் முடிகிறது.

அடுத்தது நீரின் வழி. தண்டுக்கு நீர் கீழேயிருந்து காழினூடாகவே வந்து சேர்கிறது. பக்கத்திலிருந்து உள்வாங்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. வேருக்கு நீர் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும்: வேர்மயிர், மேற்பட்டை, அதற்கு உள்ளேயுள்ள அகத்தோல், அதனை அடுத்துள்ள பரிவட்டவுறை என்று கடந்து காழை அடைய வேண்டும். காழின் வெளிப்புறத்தை உரியம் மூடிக்கொண்டு நின்றால் அந்த நீர் உரியத்தையும் ஊடறுத்தே செல்ல நேரிடும். காழின் கைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் உரியம் ஒதுங்கி நிற்பதால், கையின் நுனி பரிவட்டவுறையை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நான் மேலே சொன்ன ஆரைச் சோதனையின் பொருள் இதுதான்.

அகத்தோலைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கோட்டைப் புகையிரத நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல்வரை எவரும் எந்தத் தெருவாலும் வரலாம். மேடைக்குள் நுழைய வேண்டுமாயின் பயணச்சீட்டைக் காட்டும் இடத்தைக் கடந்தே தீரவேண்டும். மேற்பட்டையின் கலச்சுவர்களும் கலத்திடை வெளிகளும் அந்தத் தெருக்களைப் போன்றவை. நீரும் அதில் கரைந்த கனியுப்புகளும் எந்தக் கலத்தினுள்ளும் புகாமலே அவற்றினூடாக வரமுடியும். அகத்தோலை அடைந்ததும் அந்த வழி அடைபடுகிறது. அகத்தோற் கலங்களின் ஆரைச்சுவர்களிலும் குறுக்குச்சுவர்களிலும் நீரை ஊடுசெல்லவிடாத கஸ்பாரியன் கீலம் பட்டிபோல ஓடுகிறது. எனவே ஒவ்வோர் அயனும் கலத்தின் முதலுரு மென்சவ்வைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்பது அங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. ஜேர்மனியத் தாவரவியலாளர் றொபேட் கஸ்பாரி 1865 ஆம் ஆண்டில் விவரித்த அமைப்பாகையால் அவருடைய பெயரால் வழங்குகிறது. உள்வாங்கும் பணியற்ற தண்டில் இத்தகைய காவல் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாததன் காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வினா: வணக்கம். என் மகன் உயிரியல் படிக்கிறான். அவனுடைய பாடசாலையில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்கூடக் கிடைப்பதில்லை. படத்தைப் பார்த்துப் படத்தை வரைவதுதான் படிப்பாக இருக்கிறது. வீட்டில் ஏதாவது செய்யமுடியுமா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

விடை: அம்மா, நிச்சயமாக முடியும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஏனென்றால் இந்தப் பாடத்துக்குத் தேவையான பொருள்களில் பெரும்பாலானவை ஒரு கொழும்புச் சமையலறையிலேயே இருக்கின்றன.

ஒரு பிடி கடலையை ஊறவைத்து ஈரத்துணியில் முளைக்க விடுங்கள். வேர் ஐந்தாறு சென்ரிமீற்றர் நீண்டதும் நுனியை விட்டுவிட்டு மேற்பகுதியை மகன் வெட்டட்டும். இருவித்திலை வேருக்கு இது நல்ல மாதிரி; நட்சத்திரத்தின் கைகளை எண்ணினால் பெரும்பாலும் நான்கு இருக்கும். ஒருவித்திலை வேருக்கு, கறிக்குப் போடும் ரம்பைச் செடியின் அடியில் தண்டிலிருந்து இறங்கும் தாங்குவேர்களில் இளசான ஒன்று போதும். இருவித்திலைத் தண்டுக்குக் காசித்தும்பையைவிட இலகுவானது எனக்குத் தெரிந்து வேறில்லை. அதன் கிளையொன்றைச் சிவப்பு நிறமூட்டி கரைத்த நீரில் சில மணிநேரம் நிறுத்தி வைத்தால், ஒளி புகவிடும் அந்தத் தண்டினுள் காழ் சிவப்பு நூல்களாக மேலேறி நிற்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஒருவித்திலைத் தண்டுக்குப் பொங்கலுக்கு வாங்கும் கரும்பின் ஒரு துண்டு போதும். குறுக்கே வெட்டிய முகத்தில் சிதறித் தெரியும் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு கலன்கட்டு.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். கையருகில் கிடைக்கிறது என்பதற்காகக் கங்குன் தண்டையோ பூசணிக்கொடியையோ மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்விரண்டிலும் காழின் வெளிப்புறத்தில் மட்டுமன்றி உட்புறத்திலும் உரியம் இருப்பதால், பாடத்தில் படித்த படத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப நேரிடும். அடிப்படை விளங்கியபின் அவற்றையும் வெட்டிப் பார்ப்பது நன்று.

வெட்டும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிள்ளைகள் சோர்ந்துபோவது இங்கேதான். மெல்லிய வேரைக் கையில் பிடித்து வெட்ட முடியாது. கரட் துண்டொன்றில் ஒரு பிளவு ஏற்படுத்தி, வேரை அதனுள் நிமிர்த்திச் செருகி, கரட்டையும் வேரையும் ஒன்றாக வெட்ட வேண்டும். புதிய சவர அலகையும் கரட்டின் முகத்தையும் நீரால் நனைத்து, அழுத்தாமல், அலகைத் தன் பக்கமாக ஒரே இழுப்பில் சறுக்கவிட வேண்டும். மரம் அரிவதுபோல முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. விரல்களைக் கரட்டின் வெட்டுமுகத்துக்குக் கீழே வைத்திருப்பது அவசியம். இருபது, முப்பது துண்டுகளை நீர் நிறைந்த தட்டொன்றில் விழவிட்டால், அவற்றுள் இரண்டு மூன்று கண்ணுக்கே தெரியாதபடி மெல்லியதாக மிதக்கும். முழு வட்டம் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். முழுமையான தடித்த துண்டைவிட, ஓரம் ஒன்று கிழிந்த மெல்லிய துண்டே மேலானது. அந்த இரண்டு மூன்றையும் நீரில் இட்டுப் பாடசாலைக்குக் கொண்டுபோய்ச் சபிரனின் சாயமேற்றிப் பார்த்தால், கிடைக்கும் சில நிமிடங்களும் வீணாகாது. இலிக்னின் என்ற வன்பொருள் படிந்த காழ்ச் சுவர்கள் செந்நிறமாக எழுந்து நிற்கும் அந்தக் காட்சியை ஒருமுறை தன் கையால் உண்டாக்கிப் பார்த்த பிள்ளை அதை எந்நாளும் மறக்காது.

மிஞ்சிய கரட்டையும் எறிந்துவிட வேண்டாம். அதுவும் ஒரு வேர்தான். குறுக்கே வெட்டினால் நடுவில் வெளிறித் தெரிவது காழ்ப்பகுதி. சுற்றியுள்ள கடுஞ்செம்மஞ்சள் பெரும்பாலும் உரியப்பகுதி. இரண்டுக்கும் இடையில் தெரியும் மெல்லிய வளையம், புதிய காழையும் உரியத்தையும் தோற்றுவிக்கும் கலன் மாறிழையத்தின் இடம். நெடுக்கே வெட்டினால், பக்கவேர்களின் தடங்கள் நடுப்பகுதியிலிருந்து புறப்பட்டு வெளிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு தோலை அடைவது தெரியும். பக்கவேர் பரிவட்டவுறையில், அதாவது உள்ளேயிருந்து, தோன்றுகிறது என்று படித்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. கிளைகளோ இலைக்கக்கத்து அரும்புகளிலிருந்து தண்டின் மேற்பரப்பிலேயே தோன்றுகின்றன.

வினா: நான் இந்திய ஆசிரியர்களின் காணொளிகளையும் பார்த்துப் படிக்கிறேன். அவர்கள் சைலம், புளோயம், செல், திசு, புறணி என்கிறார்கள். நமது வளநூலில் காழ், உரியம், கலம், இழையம், மேற்பட்டை என்றிருக்கிறது. எதை எழுதுவது?
– மாணவர், தெஹிவளை

விடை: காணொளிகளை எந்த நாட்டிலிருந்தும் பாருங்கள், அதில் தவறேதும் இல்லை. விடைத்தாளில் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலில் உள்ள சொற்களையே எழுதுங்கள். குறிப்பேட்டின் பின்பக்கத்தில் இருவகைச் சொற்களையும் எதிரெதிரே எழுதி வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் பழகிவிடும். மேற்பட்டை என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. அது மேற்றோலுக்கும் அகத்தோலுக்கும் இடையிலுள்ள பகுதி. மரத்திலிருந்து உரிக்கும் பட்டை அன்று.

காழ் என்ற சொல்லைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட என்னால் இயலாது. சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளர் கார்ல் நேகெலி 1858 இல் சைலம், புளோயம் என்று பெயரிட்டபோது, மரம், பட்டை ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்தே அவற்றை எடுத்தார். தமிழில் மரத்தின் வைரத்துக்குக் காழ் என்ற பெயர் அதற்கு எவ்வளவோ முன்னரே இருந்தது. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறத்தில் வைரம் உடையவற்றைப் புறக்காழ் என்று புல்லின் பக்கமும், உட்புறத்தில் வைரம் உடையவற்றை அகக்காழ் என்று மரத்தின் பக்கமும் பிரித்து வைக்கிறது. உரையாசிரியர்கள் தெங்கையும் பனையையும் மூங்கிலையும் புல்லின் பக்கம் சேர்த்தார்கள். அது இன்றைய பாகுபாடு அன்று. ஆயினும் தெங்கும் பனையும் மூங்கிலும் புல்லைப் போல ஒருவித்திலைத் தாவரங்களே.

பனையை அறிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கூரைக்குச் சலாகை எடுக்க மரத்தைப் பிளக்கும்போது நடுவிலுள்ள மென்மையான சோற்றியை நீக்கிவிட்டு, கருமையான வெளிப்புறத்தையே எடுப்பார்கள். கலன்கட்டுகள் சுற்றளவை அண்டி நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும் சிதறியிருப்பதே அதற்குக் காரணம். பலாவிலும் தேக்கிலும் நிலைமை மறுதலையானது: மாறிழையம் உட்புறமாகக் காழை ஆண்டுக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போவதால் வைரம் நடுவில் அமைகிறது. எனவே ‘ஒருவித்திலைத் தண்டின் கலன்கட்டுகள் சிதறியுள்ளன, மாறிழையம் இல்லை’ என்று எழுதும்போது ஒரு பனஞ்சலாகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வினா: துணை வளர்ச்சியில் எது உள்ளே போகும், எது வெளியே போகும் என்பது எப்போதும் குழம்புகிறது. வேரில் நடப்பதும் தண்டில் நடப்பதும் ஒன்றுதானா?
– மாணவி, பம்பலப்பிட்டி

விடை: உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே கறுவாத்தோட்டம் இருக்கிறது. இன்று அங்கே கறுவா இல்லாவிட்டாலும், அந்தப் பெயரே உங்கள் வினாவின் முதற்பகுதிக்கு விடையை வைத்திருக்கிறது. கறுவா உரிப்பவர் முதலில் தண்டின் கரடுமுரடான வெளித்தோலைச் சுரண்டுகிறார். நீங்குவது தக்கைப் பகுதி. பின்னர் பித்தளைக் கோலால் நன்றாகத் தேய்த்துப் பட்டையை இளக்கி, கத்தியால் கீறி, அதை முழுதாகக் கழற்றுகிறார். அது பிரியும் இடம் மெல்லிய சுவர் கொண்ட மாறிழையப் பகுதி. கையோடு வந்த பட்டையில் இருப்பது முக்கியமாக உரியம். விறகாக எஞ்சும் கோல் காழ். மாறிழையம் வெளிப்புறமாக உரியத்தையும் உட்புறமாகக் காழையும் தோற்றுவிக்கிறது என்ற வாக்கியத்தில் குழப்பம் வரும்போதெல்லாம், சமையலறையில் இருக்கும் கறுவாப்பட்டை வெளிப்பக்கத்துக்குரியது என்பதை நினைத்தால் போதும். புதிய காழ் பழைய காழுக்கு வெளியேயும், புதிய உரியம் பழைய உரியத்துக்கு உள்ளேயும் சேர்கின்றன. ஆகவே இரண்டிலும் இளையவை மாறிழையத்தைத் தொட்டுக்கொண்டிருப்பவையே.

இரண்டாவது பகுதிக்கு: முடிவு ஏறத்தாழ ஒன்றுதான், தொடக்கம் வேறு. தண்டில் கட்டுகளுக்குள் ஏற்கெனவே உள்ள மாறிழையமும் கட்டுகளுக்கு இடையில் புதிதாகத் தோன்றும் மாறிழையமும் இணைந்து வளையமாகின்றன. வேரில் காழுக்கும் உரியத்துக்கும் இடையில் தோன்றும் துண்டுகள், முதற்காழின் நுனிகளுக்கு எதிரேயுள்ள பரிவட்டவுறைக் கலங்களோடு இணைவதால், மாறிழையம் தொடக்கத்தில் நட்சத்திரத்தைச் சுற்றி நெளிந்து ஓடி, பின்னர் வட்டமாகிறது. தக்கை மாறிழையம் தண்டில் பெரும்பாலும் மேற்பட்டையின் வெளிப்புறத்திலும், வேரில் பரிவட்டவுறையிலும் தோன்றுகிறது. இதனால் முதிர்ந்த வேரில் மேற்பட்டையும் அகத்தோலும் உதிர்ந்துவிடுகின்றன. முதிர்ந்த வேரின் படத்தில் அகத்தோலைக் குறித்துப் புள்ளி இழக்கும் மாணவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கவனிக்காதவர்களே.

வினா: வரிப்படத்துக்கு நிறம் தீட்டலாமா? – மாணவர், மட்டக்குளி

விடை: வேண்டாம். கூர்மையான பென்சிலால் ஒற்றைக் கோட்டில் வரையுங்கள். நிழலிட வேண்டாம். பெயரிடும் கோடுகளை அடிமட்டம் வைத்து, ஒன்றையொன்று வெட்டாமல், அம்புத்தலை இல்லாமல் இழுத்து, கோட்டின் முனை குறிக்கும் இழையத்தின்மீதே முடிகிறதா என்று பாருங்கள். அகத்தோலும் பரிவட்டவுறையும் ஒன்றையொன்று தொட்டு, பெரும்பாலும் ஒவ்வொரு கலத்தளவு தடிப்பிலேயே அமைவதால், உங்கள் படத்தில் அவ்விரண்டையும் சற்றுப் பெரிதாகவே வரைந்துகொள்ளுங்கள்.